மூளிக்கு ஒரு முழுக்காது

ஒரு காட்டில் புலி இருந்தது, நரி இருந்தது, எல்லாக் காட்டிலும் இருப்பவைதான். கூடவே படம் வரையும் கம்ப்யூட்டர் ஒன்றும் இருந்தது. யார் கேட்டாலும் வரையும், கேட்காததையும் சேர்த்து வரையும். அது வந்த பிறகு காட்டில் அவலட்சணம் என்று யாருமே இல்லாமல் போய்விட்டார்கள். காட்டுப்பன்றி தன் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் சேற்றில் இறங்கவில்லை.

அங்கே வடிவு என்றொரு புள்ளிமான். அவளுக்கு ஒரே பிள்ளை. பிறந்த மூன்றாம் நாளே ஒரு நாய் அவன் இடது காதில் பாதியைக் கடித்துக்கொண்டு போனதால் மூளி என்ற பெயரே அவனுக்கு நிலைத்துவிட்டது. மூக்கில் ஆறாத புண் ஒன்றும் உண்டு. பின்னங்காலையும் சற்று இழுத்துத்தான் நடப்பான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மேயப்போன இடத்தில் அவனைக் காணவில்லை.

காணாமல் போனவர்களின் படத்தை மரத்துக்கு மரம் கட்டுவது அந்தக் காட்டு வழக்கம். எட்டு வருஷமாக அதை வரைந்து கொடுத்தவர் இருளாண்டி என்ற முள்ளம்பன்றி. தன் முதுகு முள்ளையே பிடுங்கி, நாவல்பழச் சாற்றில் தொட்டு, மரப்பட்டையில் வரைவார். வரைவதற்கு முன் கேள்வி கேட்டே உயிரை எடுத்துவிடுவார். கிழிந்த காதின் ஓரம் நேராக இருக்குமா கோணலாக இருக்குமா என்றெல்லாம் கேட்டார். வடிவு அழுதுகொண்டே சொன்னாள். பட்டையில் மூளி அப்படியே வந்துவிட்டான், பாதிக் காதும் மூக்குப் புண்ணுமாக. மூலையில் தன் அடையாளமாக மூன்று கீறல் போட்டுக் கொடுத்தார் இருளாண்டி.

வடிவுக்கு முகம் சுருங்கிப்போனது. "ஏண்ணே, இதையெல்லாம் போடணுமா? காடே பாக்கும்ல" என்றாள்.

"பாக்கணும்னுதானே தாயி போட்டிருக்கேன்."

மரத்தில் கட்ட அனுமதி வாங்க, பட்டையை எடுத்துக்கொண்டு காட்டு அலுவலகம் போனாள். கையால் வரைந்ததெல்லாம் போன மாதத்தோடு செல்லாது என்று அங்கிருந்த குரங்கு சொல்லிவிட்டது. கம்ப்யூட்டரில் ஒரு ஃபாரத்தைத் திறந்தது. காது என்ற இடத்தில் பெரியது, நடுத்தரம், சிறியது என்று மூன்றே கட்டங்கள். ஒரு காது முழுசு, ஒரு காது பாதி, ஆகவே நடுத்தரம் என்று முடிவு கட்டிக் குரங்கு பொத்தானை அமுக்கியது. அதன் மூளைக்கு அது பெரிய சாதனைதான்.

படம் வந்தது. இரண்டு காதும் முழுசு, கண்ணில் மை, பின்னால் ஒரு சூரியோதயம். மூலையில், கொஞ்சம் கலங்கலாக, மூன்று கீறல். இருளாண்டியின் எட்டு வருஷப் படங்களை மரத்திலிருந்து உரித்து, அவரை ஒரு வார்த்தை கேட்காமல், கம்ப்யூட்டருக்குத் தின்னக் கொடுத்துத்தான் வரையப் பழக்கியிருந்தார்கள். எது மான், எது வரைந்தவரின் அடையாளம் என்று அந்த மேதைக்குத் தெரியவில்லை. மனசாட்சி உள்ள திருடனாவது பெயரை அழித்துவிட்டு விற்பான்.

இது என் பிள்ளை இல்லை என்று வடிவு அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாய் கடிக்காமல் இருந்திருந்தால் இப்படித்தானே இருந்திருப்பான் என்று நெஞ்சு குளிர்ந்துவிட்டது. "ஆமா, இவன்தான்" என்று சொல்லிக் குளம்பை அழுத்தி முத்திரை வைத்தாள். நானூறு மரத்தில் படம் தொங்கியது. பார்த்தவர்கள் உருகினார்கள். இரண்டு இடத்திலிருந்து சம்பந்தம் பேசக்கூட வந்தார்கள்.

மூன்றாம் நாள், காட்டு எல்லைக்கு அப்பால் ஒரு பள்ளத்தில் விழுந்து கிடந்த மூளி எப்படியோ ஏறி, தானாகவே எல்லைச் சாவடிக்கு வந்து சேர்ந்தான். சாவடி அதிகாரி நரி படத்தைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார், தடுப்புக் கட்டையை இறக்கினார். சேதி கேட்டு ஓடிவந்த வடிவு கட்டைக்கு மேலே கழுத்தை நீட்டிப் பிள்ளையை முகர்ந்தாள்.

"மோந்து பாத்துட்டேன் சார். என் பிள்ளைதான்."

"மோப்பத்துக்கு ஃபாரத்துல கட்டம் இல்லம்மா. படத்துல இருக்கிறதுதான் உன் பிள்ளைன்னு குளம்பு வெச்சது யாரு?"

வடிவு தன் குளம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். சாவடிக்கு வெளியே படுத்திருந்த புலி, இந்தக் குட்டியை யாராவது தேடுகிறார்களா என்று மரியாதையாக விசாரித்தது. பதிவேட்டின்படி யாரும் தேடவில்லை என்றார் நரி. புலி நன்றி சொல்லிவிட்டு எழுந்து சோம்பல் முறித்தது.

சாட்சி கொண்டுவரும்வரை புலியைப் பொறுக்கச் சொல்லும்படி நரியைக் கெஞ்சிவிட்டு, வடிவு ஓட்டமாக ஓடி, இருளாண்டியை அந்தப் பழைய பட்டையோடு இழுத்து வந்தாள். நரி இரண்டு படத்தின் மூலைகளையும் ஒப்பிட்டார். இரண்டிலும் மூன்று கீறல். அரசுப் படத்தைக் காப்பியடித்ததோடு, காதைக் கிழித்துக் கெடுத்தும் வைத்திருக்கிறாய் என்று இருளாண்டியைப் பிடித்துக்கொண்டார். தன்னுடையதுதான் முதலில் வரைந்தது என்றார் இருளாண்டி.

"முதல்ல வரைஞ்சா ஒரிஜினல் ஆயிடுமாய்யா? எது லட்சணமா இருக்குன்னு நீயே சொல்லு."

பிறகு நரி கொஞ்சம் மனமிரங்கினார். படத்தைத் திருத்த விதியில் இடமில்லை, குட்டியைத் திருத்திக்கொள்ள ஆட்சேபணை இல்லை என்றார்.

இருளாண்டி புலியைப் பார்த்தார். வடிவைப் பார்த்தார். எட்டு வருஷத்தில் ஒரு மயிரைக்கூடப் பொய்யாக வரையாதவர், முள்ளைப் பிடுங்கிச் சாற்றில் தொட்டார். மூளியின் கண்ணுக்கு மை தீட்டினார், மூக்குப் புண்ணைப் பூசி மறைத்தார், பாதிக் காதில் ஒரு இலையைப் பிசின் வைத்து ஒட்டினார். நரி மறுபடி ஒப்பிட்டுப் பார்த்துக் கட்டையைத் தூக்கினார். புலி பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது. படத்துக்கேற்பப் பிராணிகளைத் திருத்தும் பணியில் இருளாண்டியை அங்கேயே நியமித்தார்கள். மறுநாள் காலை காட்டுப்பன்றிதான் வரிசையில் முதல் ஆள்.

வடிவு பிள்ளையைப் புதர் மறைவுக்குக் கூட்டிப்போய், மூன்று நாள் தவிப்பும் தீர நக்கிக் கொடுக்க நாக்கை நீட்டினாள். சாயம் போனால் அனுமதி ரத்து, மாதாமாதம் சோதனை உண்டு என்று நரி சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது. நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, நான்தான்னு தெரியுதா?" என்றான் மூளி.

"தெரியுதுடா. தள்ளி நில்லு."

நீதி: பிள்ளை பெற உத்தேசம் உள்ளவர்கள் முதலில் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பெற்றுக்கொள்ளவும்.