டேங்க் மூடியும் இளஞ்செழியனும்

சாவி உள்ளே போனது. திரும்பத்தான் மறுத்தது.

பரமத்தி வேலூருக்கு வெளியே, நாமக்கல் சாலையில் இருக்கும் பெட்ரோல் பங்க்கில் பைக்கை நிறுத்தி, டேங்க் மூடியோடு இளஞ்செழியன் மல்லுக்கட்டத் தொடங்கியபோது மணி ஒன்பதரை. பக்கத்தில் அவன் மனைவி சண்முகப்பிரியா சர்டிபிகேட் ஃபைலை அணைத்துப் பிடித்தபடி நின்றாள். பதினோரு மணிக்கு நாமக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இன்டர்வியூ. கணக்கு டீச்சர் வேலை. எட்டு வருடமாக வீட்டில் இருந்தவளை முதல் முறையாக ஓர் இடத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள்.

"பஸ்ஸுல போயிரலாம்னு அப்பவே சொன்னனுங்க."

"பஸ்ஸுல கசங்கிப் போய் நின்னா எவன் வேலை குடுப்பான்? இது ரெண்டு நிமிச வேலை. சும்மா இரு."

இளஞ்செழியன் வெற்றிலை மண்டி வைத்திருந்தான். ஆனால் வெற்றிலையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் தான் நிபுணன் என்பது அவன் நம்பிக்கை. மிக்ஸியை அவன் ரிப்பேர் செய்த நாளிலிருந்து அவர்கள் வீட்டில் சட்னி அம்மியில்தான் அரைபட்டது. மெக்கானிக் என்று ஒரு தொழில் இருப்பதே ஏமாளிகளுக்காகத்தான் என்பான்.

இரண்டு நிமிடம் இருபது நிமிடமானது. அந்தப் பக்கம் லாரிக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்த மயிலம்மாள் வேலையை முடித்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"பூட்டு இறுகிப் போச்சுங்களா?"

"எண்ணெய் இருந்தாக் கொண்டா. மத்ததை நான் பாத்துக்குவேன்."

மயிலம்மாள் தன் பையிலிருந்து தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கொடுத்தாள். இளஞ்செழியன் பாதியைப் பூட்டுக்குள் கவிழ்த்தான். உள்ளே இருந்த ஒரு வருடப் புழுதி எண்ணெயில் குழைந்து களிம்பானது. இப்போது பூட்டு மட்டும் இறுக்கமாக இருந்தது. சாவி, கை, ஹேண்டில்பார் எல்லாம் வழுக்கின.

"பாலத்துக்கிட்ட ரங்கன்னு ஒரு மெக்கானிக் இருக்கறாருங்க. போன் பண்ணினா வந்துருவாரு" என்றாள் சண்முகப்பிரியா.

"அவன் வந்தா, எப்படித் தொறக்கறதுன்னு நான்தான் அவனுக்குச் சொல்லிக் குடுக்கோணும்."

மயிலம்மாளிடம் கட்டிங் பிளேயர் வாங்கி, சாவியின் தலையைக் கவ்வித் திருகினான். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பூட்டு திறந்துவிட்ட மகிழ்ச்சியில் நிமிர்ந்தான். பிளேயரில் சாவியின் தலை மட்டும் இருந்தது. பைக்கை ஸ்டார்ட் செய்யவும் அதே சாவிதான். இது சண்முகப்பிரியாவுக்கு உடனே புரிந்தது; அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். சாலையோரம் போய் நின்று, கரூரிலிருந்து வந்த பஸ்ஸுக்குக் கைகாட்டினாள்.

"நான் போயிட்டு வாரேனுங்க."

"போ, போ. உனக்கு முன்னாடி நான் பைக்குல அங்க போய் நிப்பேன்."

எந்தச் சாவியைப் போட்டு என்று அவள் கேட்கவில்லை. கல்யாணமான இரண்டாம் வருடமே அந்த மாதிரிக் கேள்விகளை விட்டிருந்தாள்.

இனி சுத்தியல்தான் என்று இளஞ்செழியன் முடிவு செய்தான். அதையும் ஸ்க்ரூ டிரைவரையும் மயிலம்மாளே கொண்டுவந்து கொடுத்தாள்.

"இங்க சுத்தியல் போடக்கூடாதுங்க. தீப்பொறி கெளம்பிரும். அந்த வேப்பமரத்தடிக்குத் தள்ளிட்டுப் போயிருங்க."

தள்ளிக்கொண்டு போனான். முதல் அடி டேங்க்கில் விழுந்து ஒரு பள்ளம் பண்ணியது. இரண்டாவது கட்டைவிரலில் விழுந்தது. அதன் பிறகு அவன் எண்ணவில்லை. இன்டர்வியூவுக்கு என்று அயர்ன் பண்ணிப் போட்டு வந்த வெள்ளைச் சட்டை, இன்டர்வியூ அவனுக்கில்லை என்பதை ஒப்புக்கொண்டது போலக் கறுத்துவிட்டது.

பன்னிரண்டே முக்காலுக்கு போன் வந்தது.

"வேலை கெடச்சிருச்சுங்க. திங்கக்கெழமை வரச் சொல்லிட்டாங்க. நீங்க எங்க இருக்கறீங்க?"

"பக்கத்துல வந்துட்டேன். அங்கேயே இரு."

போனை வைத்துவிட்டு, இருந்த கோபத்தையெல்லாம் திரட்டி ஓங்கி ஒன்று போட்டான். மூடி தெறித்துச் சாக்கடையில் விழுந்தது. டேங்க் வாயைப் பிளந்தது.

இளஞ்செழியன் வண்டியை மறுபடி பங்க்குக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். விரல் வீங்கியிருந்தது, நெஞ்சு அதைவிட அதிகமாக.

"பாத்தியாம்மா, ஒரு மெக்கானிக்கும் வேண்டியதில்லை. ம், டேங்க் நெறையப் போடு."

மயிலம்மாள் டேங்க்கைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"பெட்ரோல் நேத்து சாயந்திரமே தீந்து போச்சுங்களே, டீசல் மட்டுந்தானுங்க இருக்குது. நீங்க பூட்டு ரிப்பேர் பண்ண எடம் தேடி வந்திருக்கறீங்கன்னுல்ல நான் நெனச்சேன்."