செய்த மாற்றங்களைச் சேமிக்கவா?

அந்தச் சனிக்கிழமை காலையில் விறாந்தையில் இருந்தவர்கள் நால்வர்: யாகப்பு, அவர் மனைவி மரியமலர், மகன் அனிஸ்ரன், மகள் யூலியானா. வெளியார் எவரும் இல்லை. ஆகவே குற்றவாளி குடும்பத்துக்குள்ளேதான் என்று யாகப்பு முடிவுசெய்தார்.

கோயிலின் நூற்றாண்டு மலருக்கு வீட்டுக்கு ஒரு பக்கம் குடும்ப வரலாறு கேட்டிருந்தார்கள். யாகப்பு பத்து நாளாக ஒற்றை விரலால் தட்டி, தம் பக்கத்தை மகனின் மடிக்கணினியில் எழுதி முடித்திருந்தார். மேலே அன்றைய திகதி. அதன் கீழே, கோயிலுக்கு மணி கொடுத்த பாட்டனார் சந்தியோகு. அந்த மணியையும், அவர் காற்பெருவிரலைக் கடித்துக்கொண்டுபோன சுறாவையும் முல்லைத்தீவுக் கரையில் அறியாதவர் இல்லை; அறியாமலிருக்க யாகப்பு எவரையும் விட்டதில்லை.

இன்று வாசித்துப் பார்க்க மட்டுமே திறந்தார். மூடப்போனபோது கணினி கேட்டது: "செய்த மாற்றங்களைச் சேமிக்கவா?"

"நான் ஒண்டையும் தொடேல்லை. ஆர் மாத்தினது?"

அனிஸ்ரன் தலையைச் சொறிந்தான். "முந்தநாள் 'கப்பல்' எண்டதை 'வள்ளம்' ஆக்கினனான் அப்பா. உங்கடை பாட்டனார் எங்கை கப்பல் வைச்சிருந்தவர்?"

யாகப்பு கப்பலை மறுபடி மிதக்கவிட்டுச் சேமித்தார். சரிபார்க்கத் திறந்தார். மூடினார்.

"செய்த மாற்றங்களைச் சேமிக்கவா?"

"இன்னும் ஒராள் இருக்கு!"

"நான்தான்," என்றாள் யூலியானா. "பாட்டனாற்றை நாலு ஆம்பிளைப் பிள்ளையளை மட்டும் எழுதியிருந்தியள். மூண்டு பொம்பிளைப் பிள்ளையளும் இருந்தவை எல்லே? சேர்த்துவிட்டனான்."

யாகப்பு தம் அத்தைமார் மூவரையும் நீக்கினார். சேமித்தார், திறந்தார், மூடினார். கேட்டது.

எல்லோரும் மரியமலரைப் பார்த்தார்கள். அவர் நெத்தலி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"உங்கடை எழுத்திலை நான் ஒரு புள்ளிகூட வைக்கேல்லை."

"அந்தோனியார் மேலை சத்தியம் பண்ணு."

"அந்தோனியாருக்கு வேறை வேலை இல்லையே? சரி, சத்தியம்."

"எல்லாரும் கையைத் தூக்கித் தலையிலை வையுங்கோ! இப்ப பாப்பம்."

நெத்தலிக் கையும் தலைக்குப் போனது. யாகப்பு திறந்து மூடினார். அப்போதும் கேட்டது.

அனிஸ்ரன் அழைத்திருந்த டிலக்ஸன் அந்த நேரம் மோட்டார்சைக்கிளில் வந்திறங்கினான். நூற்றாண்டு மலரை வடிவமைப்பவன் அவன்தான்.

"என்ன அங்கிள், எல்லாரும் தலையிலை கை? ஆமிக்காரற்றை சுற்றிவளைப்போ?"

யாகப்பு விறைப்பாகக் கணினியைக் காட்டினார். டிலக்ஸன் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மேலை கிடக்கிற திகதி திறக்கிற நேரமெல்லாம் தானா மாறும். அதைத்தான் மாற்றம் எண்டு கேக்குது. ஒருத்தரும் தொடத் தேவையில்லை."

அனிஸ்ரனும் யூலியானாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வீணாக ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

யாகப்புவுக்கு நிமிர்வு திரும்பியது. "அப்ப இதைக் கொண்டுபோய் அச்சடி."

"எதை? உங்கடை வீட்டுப் பக்கம் திங்கட்கிழமையே வந்திட்டுது. அன்ரி கொப்பித்தாளிலை எழுதித் தந்தவா. எல்லா வீட்டுப் பக்கமும் வந்திட்டுதெண்டு நேற்று ஐநூறு புத்தகமும் அடிச்சாச்சு."

மரியமலர் தலையிலிருந்து கையை எடுத்து அடுத்த நெத்தலியைக் கிள்ளினார்.

டிலக்ஸன் பையிலிருந்து அச்சான மலரை எடுத்து, பக்கத்தைப் பிரித்து, உரக்க வாசித்தான்:

"மணியைக் கொடுத்தவர் மரியமலரின் பாட்டனார் சூசைப்பிள்ளை. அதை வண்டிலிலிருந்து இறக்கும்போது காலில் போட்டுக்கொண்டவர் சந்தியோகு. அவரைச் சுறா எதுவும் கடிக்கவில்லை."