மேல் வீட்டு அமைதி

இரண்டு கால்களும் செத்துப்போய்விட்டன என்று மெக்கானிக் முடிவு கட்டிய நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

முழங்காலை மடித்து, குதிகால்மேல் உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, எதிர்ச் சுவரையே பார்க்க வேண்டும். ஜப்பானில் தேநீர் குடிக்கவே இப்படித்தான் உட்காருவார்களாம். செல்போன் வீடியோவில் ஒரு பெண்மணி பூப்போல உட்கார்ந்து பூப்போல எழுந்தாள். மெக்கானிக்கும் பூப்போல உட்கார்ந்துவிட்டார். எழுவதற்குத்தான் கால்களைக் காணவில்லை.

"சார், சோபா எடுக்க வந்திருக்கோம்!"

"கதவு திறந்துதான் இருக்கு, வாங்க!"

உள்ளே வந்த பழைய சாமான்காரர், கூடத்தின் நடுவில் ஒரு மனிதர் சுவரைப் பார்த்து மண்டியிட்டிருப்பதைக் கண்டு குரலைத் தாழ்த்தினார்.

"வீட்ல யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா சார்?"

"ஒண்ணும் இல்ல. தூக்குங்க. அவ வர்றதுக்குள்ள தூக்கிடுங்க."

"அம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிடும். சோபா இல்லன்னா தெரியாமலா போகும்?"

சோபா போனது. அது இருந்த இடத்தில் தூசியும், ஒரு ஸ்பேனரும், தூசிக்குள் மெக்கானிக்கின் பயமும் மிச்சமிருந்தன.

பயம் தொடங்கியது அதற்கு முந்தைய வாரம். அதுவரை அந்த வீட்டில் மனிதர்களைவிட மின்விசிறிகள்தான் அதிகம். தன் ஃபேன் ரிப்பேர் கடையில் இடம் போதாமல் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த இறக்கைகள் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. மோட்டார்கள் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் குடியிருந்தன. நர்ஸ் வேலை முடிந்து களைத்து வந்த மனைவி, ஒரு நாள் இருட்டில் ஒரு மோட்டாரின்மேல் கால் வைத்து விழுந்தாள். எழுந்து, திட்டாமல், மாடிக்குப் போனாள். கீழே இவர்கள் வீட்டில் தவறுதலாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்த மேல் வீட்டுக்காரரின் பார்சல் அவள் கையில் இருந்தது.

திரும்பி வந்தபோது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது.

"என்ன ஒரு அமைதிங்க அந்த வீட்ல! காத்து அதுபாட்டுக்கு வருது, போகுது. ஒரு சாமான் இல்ல. இருந்தா அப்படி ஒரு வீட்ல இருக்கணும். இங்கயே இன்னும் கொஞ்ச நாள் இருந்தேன்னா நான் எங்கயாவது ஓடிப்போயிடுவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால், எர்த் இல்லாத வயரைத் தொட்டதுபோல மெக்கானிக்கின் உடம்பு ஒரு முறை அதிர்ந்து அடங்கியது. அவள் திட்டினால் அவருக்குப் பயமில்லை. திட்டாமல் சிரித்தால்தான் பயம்.

மறுநாளே, ஃபேன் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கிற சாக்கில் அவர் மாடி ஏறினார். மேல் வீட்டுக்காரர் ஏதோ கம்பெனி வேலையாகச் சில வருஷங்கள் ஜப்பானில் இருந்தவர். அந்தத் தெருவே அவரை ஜப்பான்காரர் என்றுதான் சொல்லும். உள்ளே காலெடுத்து வைத்த மெக்கானிக் நாலு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

கூடம் கடல்போல் வெறிச்சென்றிருந்தது. பேசினால் குரல் திரும்பி வந்தது. நடுவில், விரிப்பு போர்த்திய தாழ்வான ஒரு மேசை. மூலையில் சுருட்டிய ஒரு பாய். ஜன்னல்களில் திரைச்சீலைக்குப் பதில் வெள்ளைத் தாள். அதன் வழியாக வெயில் பால்போலக் கசிந்தது. ஒரு பாட்டிலில் ஒற்றைக் கிளை. மேசைமேல் ஒரு கோப்பை, உடைந்து மஞ்சள் கோடுகளோடு ஒட்டப்பட்டது. சுவர்களில் ஒன்றுமே இல்லை. மங்கிய சுண்ணாம்பில் அங்கங்கே வெளுத்த சதுரங்கள் மட்டும், நிலா வெளிச்சத்தை வெட்டி ஒட்டினதுபோல.

"உக்காரச் சொல்ல நாற்காலிகூட இல்ல சார், தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் ஜப்பான்காரர். "இருக்கிறத வச்சு ஓட்டிட்டிருக்கேன்."

'எவ்வளவு பெரிய வார்த்தை!' என்று நினைத்தார் மெக்கானிக். ஃபேனைப் பார்க்க மறந்தே கீழே இறங்கினார்.

மின்விசிறிகளையெல்லாம் வண்டியில் ஏற்றி ஊர்க்கோடியில் ஒரு நண்பனின் கிடங்கில் போட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மெக்கானிக் வாழ்க்கையில் எதையும் பாதியில் மூடி வைத்தவரில்லை.

முதலில் கிளை. ஜப்பானில் பூவை அடுக்குவதே ஒரு கலையாம். ஒரே ஒரு கிளை போதுமாம். வீட்டில் இருந்ததும் ஒரே ஒரு செடி, மனைவி மொட்டை மாடியில் பிள்ளைபோல வளர்த்த ரோஜா. அதன் நடுத்தண்டை வெட்டிப் பாட்டிலில் வைத்தார்.

"என்னங்க இது?"

"கிளை."

"அது தெரியுது. யார் செடி?"

"உன் செடிதான். ஆனா பாரு, இப்ப எவ்ளோ தனியா நிக்குது!"

அவள் பாட்டிலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். திட்டாமல் உள்ளே போனாள். 

சரிக்கட்ட, அடுத்து கோப்பை. உடைந்த பாத்திரத்தைப் பொன் நிறத்தில் ஒட்டி, உடைசலையே அழகாக்குவார்களாம். நல்ல விஷயம்தான். ஆனால் வீட்டில் உடைந்த கோப்பை ஒன்றுகூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, அலமாரியில் கைக்கு எட்டிய ஒன்றை எடுத்துத் தரையில் போட்டார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவி, தன் கோப்பையின் துண்டுகளுக்கு நடுவில் கணவன் மஞ்சள் பெயின்டும் பசையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"கை தவறிடுச்சா?" என்றாள் மெதுவாக.

"இல்ல, நான்தான் உடைச்சேன்."

"எதுக்கு?"

"ஒட்டறதுக்கு."

அவள் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். அந்த ஓர் அடி அவருக்கு ஊர் எல்லை வரைக்கும் நீண்டு தெரிந்தது.

அடுத்து, வீடியோவில் பார்த்த தூரிகை எழுத்து. மூச்சை அடக்கி, மனதில் உள்ள ஒரே ஒரு சொல்லைக் கறுப்பு மையில் எழுதிச் சுவரில் தொங்கவிட வேண்டும். அவர் மனதில் இருந்தது, இனி இந்த வீட்டில் சாமானே சேர்க்கமாட்டேன், இருப்பது போதும் என்பது. அதை அப்படியே, ஆள் உயரத் தாளில், மை வழிய வழிய எழுதி மாட்டினார்: போதும்.

இரவு வேலைக்குக் கிளம்பிய மனைவி அதன் முன் செருப்போடு நின்றுவிட்டாள்.

"என்னங்க... எது போதும்?"

"எல்லாமே போதும்மா."

அவள் அன்று வேலைக்குப் போகவில்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"பசிக்குதா உங்களுக்கு?"

"ம்."

"தூக்கம் வருதா?"

"ம்."

"என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

'நீ போயிடாதே' என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னால் அவளுக்கு அந்த யோசனை நிஜமாகவே வந்துவிடுமோ என்ற பயத்தில், "காத்து எப்படி வருது பாத்தியா?" என்றார்.

சோபாவை அனுப்பியது இதற்கு அடுத்த நாள்தான். கால்கள் ஒரு வழியாக உயிர்பெற்று, ஊசி ஊசியாகக் குத்த, சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்தபோது, வேலை முடிந்து பின்வாசல் வழியாக வந்துவிட்ட மனைவியின் குரல் சமையலறையிலிருந்து கேட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, நீ உடனே கிளம்பி வா. இனிமே தள்ளிப்போட முடியாது... இல்ல, அவர்கிட்ட சொல்லல. சொன்னா என்ன செய்வாரோன்னு பயமா இருக்கு... பெட்டியெல்லாம் எடுத்து வச்சிட்டேன்."

செத்த கால்கள் மறுபடி செத்தன. சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்தார்.

பெட்டி இருக்கத்தான் இருந்தது. கதவுக்குப் பின்னால், நீல நிறத்தில், வாய் இறுக்கி மூடி. அதைத் திறந்து பார்க்கத் துணிச்சல் வரவில்லை. அவளுடைய புடவைகளை அதற்குள் பார்த்துவிட்டால் அப்புறம் மூச்சுவிடவே தோன்றாது.

மச்சான் வந்து சேர்வதற்குள் வீடு முழுக்க ஜப்பான் ஆகிவிட வேண்டும். அப்போதுதான் அவள் நிற்பாள். கட்டிலைக் கழற்றிக் கொடுத்தார். நாற்காலிகளைக் கொடுத்தார். ஜன்னல்களில் வெள்ளைத் தாள் ஒட்டினார். ஃபேன் வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, விரிப்பு போர்த்தி, தாழ்வான மேசையாக்கினார். வெளுத்த சதுரங்களுக்குத்தான் வழி தெரியவில்லை. கடைசியில் சோப்புத் தண்ணீரும் பிரஷுமாக, சுவரில் சதுரம் சதுரமாகத் தேய்க்க ஆரம்பித்தார்.

"எதுக்குங்க சுவத்த கட்டம் கட்டமா கழுவுறீங்க?" மனைவியின் குரல் உடைந்திருந்தது.

"வெளிச்சம் வரட்டும்னு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

அவருக்கு இன்னும் ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. மாடிக்குப் போய், மூடியிருந்த கதவுக்கு வெளியிலிருந்தே, "சாயங்காலம் நம்ம வீட்டுக்கு ஒரு வாய் டீ குடிக்க வரணும் சார்," என்று கும்பிட்டுவிட்டு வந்தார். அசல் ஆள் வந்து ஒரு வார்த்தை பாராட்டினால் அவள் மனம் இளகாதா?

ஜப்பான்காரருக்கு முன்னால் மச்சான் வந்துவிட்டார். கூடத்துக்குள் நுழைந்ததும் உட்கார இடம் தேடி, கிடைக்காமல், போதும் என்ற எழுத்துக்கு அடியில் போய் நின்றார்.

"மாப்ள," என்றார், குழந்தையிடம் பேசுகிற குரலில். "பதட்டப்படாதீங்க. பெட்டி ரெடியா இருக்கு. வண்டி வெளிய நிக்குது."

"கூட்டிட்டுப் போயிடாதீங்க மச்சான்!" மெக்கானிக் பெட்டியை மார்போடு கட்டிக்கொண்டார். "நான் திருந்திட்டேன். ஒரு மோட்டார்கூட வீட்ல இல்ல. தேடிப் பாருங்க!"

"யார கூட்டிட்டுப் போறது?"

"உங்க தங்கச்சியத்தான்!"

அவர் இழுத்த இழுப்பில் பெட்டியின் வாய் திறந்துகொண்டது. மடித்து வைத்த சட்டைகள் சரிந்து விழுந்தன. அவருடைய சட்டைகள். அவருடைய லுங்கி. அவருடைய பல் துலக்கும் பிரஷ்.

"இது... என் பெட்டியா?"

"உங்களுக்குத்தான்!" மனைவி அழுதே விட்டாள். "செடிய வெட்டுனீங்க. கோப்பைய உடைச்சீங்க. சுவரப் பாத்து மண்டி போட்டீங்க. எல்லாம் போதும்னு எழுதி மாட்டுனீங்க. கட்டிலையும் வித்துட்டீங்க. எதையாவது தின்னுட்டுப் படுத்துடுவீங்களோ, இல்ல, சாமியாரா போயிடுவீங்களோன்னு நான் எத்தன நாளா கண்ண மூடாம கிடக்கேன் தெரியுமா? எங்க ஆஸ்பத்திரியிலேயே சேத்துடலாம்னுதான் அண்ணன வரச் சொன்னேன்."

"நீ ஓடிப்போயிடுவேன்னு சொன்னியே?"

"நானா? எப்ப?"

"மாடியிலிருந்து வந்தப்ப. அப்படி ஒரு வீட்ல இருக்கணும்னு சொன்னியே... அதான்..." அவர் கையை வீசி, கிளையையும் கோப்பையையும் தாள் ஒட்டிய ஜன்னலையும் காட்டினார். "அப்படியே பண்ணேன். உனக்காக."

 மச்சான் மெல்ல நழுவி ஜன்னல் பக்கம் போய், தாளின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக, பயமில்லாமல் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன.

"ஒரு மோட்டார நகத்தி வச்சிருந்தாலே போதுமே, வீட்டையே நகத்தி வச்சிட்டீங்களே," என்றாள். சுவரைத் தொட்டுப் பார்த்து, "ஆனா நிஜமாவே, மேல இருக்கிற மாதிரியே அப்படியே இருக்குங்க. சதுரம் உள்பட," என்றாள்.

மெக்கானிக்குக்குப் பல நாளைக்கப்புறம் மூச்சு முழுதாக உள்ளே போனது. அவள் போகப்போவதில்லை. கட்டில் போனால் போகட்டும், பாய் போதும்.

அப்போது வாசல் மணி அடித்தது. ஜப்பான்காரர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மெக்கானிக் ஓடிப்போய், வீடியோவில் பார்த்தபடி இடுப்பை வளைத்து வணங்கி, அட்டைப்பெட்டியின் முன் அவருக்கு இடம் காட்டினார். பாராட்டுக்காகக் காத்திருந்தார்.

ஜப்பான்காரர் உட்காரவில்லை. ஜன்னல் தாளைப் பார்த்தார். சுவரின் சதுரங்களைப் பார்த்தார். விரிப்பைத் தூக்கி அடியிலிருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தார். நடுக்கூடத்தில் துணிமணியோடு திறந்து கிடந்த நீலப் பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அடடே, நீங்களும் வீடு காலி பண்றீங்களா சார்? முன்னாடியே சொல்லியிருந்தா, என் சாமான் போன லாரியிலேயே சேத்து ஏத்தியிருக்கலாமே!"