எனக்கு நாற்பத்தொரு மதிப்பெண் போட்ட வண்டி

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். நீயும், உன் மனைவியும், மகளும், மாப்பிள்ளையும் முழங்கால் உட்பட நலமாக இருக்க வேண்டும். இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். தொலைபேசியில் நீ நடுவில் பேசுவாய்.

சொல்ல வேண்டியது ஒன்றுதான். ஆறு மாதத்துக்கு முன் நீ எனக்குக் கொடுத்த ஹைபிரிட் காரைத் திருப்பித் தந்துவிடுகிறேன். உன் மாப்பிள்ளை அதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். கார் போனால் பத்தொன்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அலுவலகத்துக்குப் போக எனக்கு வேறு வழி இல்லை. இரண்டு பஸ் மாறி, நடுவில் மேம்பாலப் படிக்கட்டும் ஏறி இறங்க என் முழங்கால் இனிச் சம்மதிக்காது. ஆகவே வேலையையும் விட்டுவிட்டேன். எழுபத்திரண்டு வயதில் புரூஃப் பார்க்கும் வேலை எதற்கு என்று நீங்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். இனிக் கேட்க வேண்டாம். காரணத்தை மட்டும் ஒழுங்காக எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், ஆனால் உன் மனைவிக்குப் படித்துக் காட்டாதே.

முதலில் அந்த வண்டியின் குணத்தைச் சொல்ல வேண்டும். சாவி என்று நீ கொடுத்தது சாவியே இல்லை, தேய்ந்த சோப்புத் துண்டு போல ஒரு கறுப்புப் பொருள். பொத்தானை அமுக்கினால் வண்டி கிளம்பும் என்றாய். அமுக்கினேன். ஒரு சத்தமும் இல்லை. உன் அத்தான் இருந்தவரை அவர் வண்டியைக் கிளப்பினால் தெருவே எழுந்து உட்காரும். அதுதான் வண்டி கிளம்புவது என்று நான் நினைத்திருந்தேன். ஆகவே மறுபடி அமுக்கினேன். மறுபடியும் மௌனம். இப்படிப் பதினைந்து தடவை அமுக்கிவிட்டு, உன்னையும் உன் வண்டியையும் திட்டிக்கொண்டே தெருக்கோடி மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, வண்டி ஆன்லதான் இருக்கு. நீங்க போட்டுப் போட்டு அணைச்சிருக்கீங்க" என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இது எங்கள் கான்வென்ட் மதர் சுப்பீரியரைப் போன்ற வண்டி. சத்தமில்லாமல் வந்து பின்னால் நிற்கும். நாம் செய்த தப்பையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்.

பேட்டரியில் ஓடும் வண்டி என்றால் சார்ஜ் போட வேண்டும் அல்லவா? மறுநாள் சமையலறை ஜன்னல் வழியாக நீளமாக ஒரு ஒயரை இழுத்துக்கொண்டுவந்து, டார்ச் லைட்டோடு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, சொருக ஓட்டை தேடினேன். பெட்ரோல் மூடியைத் திறந்து அதற்குள்ளும் பார்த்தேன். எதிர் வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே வேடிக்கை பார்த்தார். மறுபடியும் அதே மெக்கானிக். "இதுக்கு சார்ஜே போட வேணாம்மா. பெட்ரோலும் பேட்டரியும் அதுவே மாத்தி மாத்திப் பாத்துக்கும். பிரேக் புடிச்சா, இறக்கத்துல போனா, தானா சார்ஜ் ஏறிக்கும். நீங்க சும்மா ஓட்டினாப் போதும்." சும்மா ஓட்டினால் போதும் என்று அன்றைக்கே அந்த மனிதர் சொன்னார். நான் எதையாவது சும்மா செய்திருக்கிறேனா, நீயே சொல்.

அந்த வாரமே வண்டியை அணைக்காமல் அலுவலகத்தில் நிறுத்திவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். சத்தம் இல்லாததால் அணைத்துவிட்டதாக நினைப்பு. பதினோரு மணிக்கு பேட்டரி இறங்கியதும் எஞ்சின் தானாகவே உறுமியிருக்கிறது. காவலாளி மூச்சிரைக்க மாடி ஏறி வந்து, "மேடம், உங்க வண்டி தானா ஸ்டார்ட் ஆகுது! உள்ள ஆளே இல்ல மேடம்!" என்றார். நான் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்து, பகலிலேயே தூக்கமா என்று கேட்டேன். அரை மணி கழித்து அது மறுபடி உறுமியபோது புரூஃப் அறை முழுவதும் ஜன்னலில் நின்று பார்த்தது. காவலாளி என்னோடு நான்கு நாள் பேசவில்லை. அது நியாயம்தான்.

இவையெல்லாம் சின்ன விஷயங்கள். பெரிய விஷயம் மதிப்பெண். ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் இந்த வண்டி எனக்கு மார்க் போடுகிறது என்பதை நீ சொல்லவே இல்லை. முதல் நாள் அலுவலக வாசலில் பொத்தானை அமுக்கினேன். திரையில் 41 என்று வந்தது. அதன் கீழே, "இன்னும் சற்று முயற்சி செய்யுங்கள்." தம்பி, எனக்கு! பதினொரு வருடம் கான்வென்ட்டில் படித்து, தையலில் ஒரே ஒரு தடவை அறுபத்திரண்டு வாங்கியதைத் தவிர (அந்தச் சிஸ்டருக்குக் கண் சரியில்லை) எண்பதுக்குக் கீழே பார்க்காதவளுக்கு! சட்டப் புத்தகம் போடும் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடமாக மற்றவர்கள் எழுத்துக்குச் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறவளுக்கு!

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் அலுவலகத்தில் பக்கம் அமைக்கும் பெண் ஒருத்தி என் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள். தினமும் என்னோடு வருவாள். கை சும்மா இருக்காது அவளுக்கு. திரையைத் தடவித் தடவி, "மேடம், இதுல பழைய ரெக்கார்டெல்லாம் இருக்கு. பெஸ்ட் ஸ்கோர் தொண்ணூத்தாறு! யாரு மேடம் ஓட்டினது?" என்றாள். யார் ஓட்டியது! பின்னக் கணக்கு மண்டையில் ஏறாமல் என் இரண்டு ஸ்கேலை உடைக்க வைத்த நீ! நீ தொண்ணூற்றாறு, நான் நாற்பத்தொன்று. அன்று ஒரு பக்கம்கூட என்னால் ஒழுங்காகப் படிக்க முடியவில்லை. ஒரு தீர்ப்பில் 'மேல்முறையீடு' என்ற சொல்லை மூன்று தடவை பார்த்தும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மனதில் நிற்கவில்லை.

அதன்பின் நான் செய்ததையெல்லாம் எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். வண்டியோடு வந்த நானூறு பக்கக் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். இருபத்து மூன்று அச்சுப் பிழை இருந்தது. பென்சிலால் திருத்தி வைத்திருக்கிறேன். ஏ.சி. போட்டால் மார்க் குறையும் என்று தெரிந்ததும் ஏ.சி.யை நிறுத்தினேன். அந்தப் பெண் முகத்தைத் துடைத்துத் துடைத்து அலுவலகம் போய்ச் சேரும்போது மழையில் நனைந்தவள் போல இருப்பாள். வண்டியில் கனம் கூடாது என்று அவள் சாப்பாட்டுப் பையைத் தூக்கிப் பார்த்து, இத்தனை டப்பா எதற்கு என்று கேட்டேன். "அடுத்து என்னையே இறக்கி விட்ருவீங்களா மேடம்?" என்றாள். அப்படி ஒரு யோசனை எனக்கு வந்திருந்தது என்பதை உன்னிடம் மறைப்பானேன்? காலுக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் நடுவில் முட்டை இருப்பதாக நினைத்து மெதுவாக மிதிக்கச் சொன்னார் மெக்கானிக். மிதித்தேன். பின்னால் ஊரே நின்றது. ஒரு லாரி ஓட்டுநர் பக்கவாட்டில் வந்து தலையை நீட்டி, "பாட்டீ, வண்டி ஓட்டுறீங்களா, தாலாட்டுறீங்களா?" என்று கத்தினார். எந்தப் பாட்டியைச் சொல்கிறார் என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தேன்.

ஐம்பத்தெட்டு, அறுபத்தேழு, எழுபத்து நான்கு என்று ஏறி, எண்பத்தொன்பதில் வந்து நின்றுவிட்டது. மூன்று வாரம் அதே எண்பத்தொன்பது. அப்போதுதான் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. மார்க் என்பது பொத்தானைப் போட்டதிலிருந்து அணைக்கும் வரைக்கும்தான். அலுவலகத்துக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் தண்ணீர்த் தொட்டி மேடு இருக்கிறது. அதன் உச்சியில் ஓரமாக நிறுத்தி, அணைத்து, மறுபடி கிளப்பினால்? ஏற்றத்தின் மோசமான மார்க் எல்லாம் பின்னால் போய்விடும். புதுக் கணக்கு வெறும் இறக்கம்தான். செய்தேன். அலுவலக வாசலில் திரையில் 98. உன்னைவிட இரண்டு அதிகம். அன்று புரூஃப் அறையில் எல்லாருக்கும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். காவலாளிக்கு இரண்டு.

"மேடம், தப்பா நினைக்காதீங்க," என்றாள் அந்தப் பெண், "இது காப்பி அடிக்கிற மாதிரி இல்லையா?"

"யாரைப் பாத்துக் காப்பி அடிச்சேன்? நானே ஓட்டி நானே வாங்கின மார்க்கு."

"மேட்டுக்கு மேல ஏறினதும் நீங்கதானே மேடம்?"

"நீ பிஸ்கட்டைச் சாப்பிடு."

இரண்டு வாரம் தினமும் அங்கே நிறுத்தினேன். போன செவ்வாய்க்கிழமை தீர்ப்புத் தொகுப்பின் கடைசிப் பக்கங்கள் என் கையில் இருந்தன. எட்டரைக்குள் அச்சகத்தில் கொடுக்க வேண்டும், தவறினால் மெஷினை வேறு வேலைக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று மேலாளர் முந்தின நாளே இரண்டு தடவை சொல்லியிருந்தார். அன்றைக்காவது நேராகப் போயிருக்கலாம். மேட்டு உச்சியில் ஓரம் கட்டவும் மறந்து நடுரோட்டிலேயே நிறுத்தினேன். என் கை தானாகப் பொத்தானுக்குப் போய்விட்டது. அணைத்தேன். மறுபடி போட்டேன். விளக்கெல்லாம் எரிந்தது, வண்டி நகரவில்லை. பின்னால் ஒரு பள்ளி வேன், அதன் பின்னால் ஒரு தண்ணீர் லாரி, அதன் பின்னால் கண்ணுக்கெட்டியவரை வண்டிகள். அந்தப் பெண் மெல்ல, "மேடம், பிரேக்க மிதிச்சுக்கிட்டே பட்டன அமுக்கணும்" என்றாள். "எனக்குத் தெரியும்" என்றேன். தினமும் என் கால் தானாகச் செய்வதுதான், அன்று அவசரத்தில் அதுவும் மறந்துவிட்டது. எனக்குத் தெரியும் என்று சொன்ன பிறகு அவள் சொன்னபடி எப்படிச் செய்வது? ஆகவே இருபது நிமிடம் எனக்குத் தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்தேன். கடைசியில் வேன் ஓட்டுநர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி, "பிரேக்க மிதிச்சு அமுக்குங்கம்மா" என்றார். வெளியாள் சொன்னால் கேட்கலாம் அல்லவா? கேட்டேன். உடனே கிளம்பியது.

அச்சகத்துக்குப் போனபோது எட்டு நாற்பத்திரண்டு. மெஷினில் ஒரு சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. தொகுப்பு மூன்று நாள் தள்ளிப்போனது. முப்பத்தொரு வருடத்தில் நான் தாமதமாக வந்தது அதுதான் முதல் தடவை. நேரத்தைப் பற்றி அந்த அலுவலகத்தில் நான் யாரைத்தான் விட்டுவைத்திருக்கிறேன்! மேலாளர் கத்துவார் என்று தயாராகப் போய் நின்றேன். அவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, மிகவும் மென்மையாக, "பரவால்ல மேடம். வயசாகுதில்ல... எங்க அம்மாவும் இப்படித்தான்" என்றார்.

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். தாமதம் வயதால் அல்ல தம்பி, மார்க்குக்காகத் திருட்டுத்தனம் செய்யப் போய் மாட்டிக்கொண்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கூட நின்ற அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ஆமாம் சார், வயதாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அதற்கேற்றபடி நடக்க வேண்டுமே. வெள்ளிக்கிழமை, 'முதுமை காரணமாக இம்மாத இறுதியில் பணியிலிருந்து விலகுகிறேன்' என்று எழுதி, மடிப்பு நேராக வருகிறதா என்று பார்த்து, அவர் மேசையில் வைத்தேன். அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும்போது அந்தப் பெண் கேட்காமலேயே ஏ.சி.யைப் போட்டேன்.

உண்மை இதுதான். உன் ஒருவனுக்கு மட்டும் சொல்கிறேன். தொண்ணூற்றாறு உன்னுடையதே, என் தொண்ணூற்றெட்டை நீ கணக்கில் எடுக்க வேண்டாம். சாவியை இந்த உறையிலேயே வைக்கிறேன். டயர் காற்றை மாதம் இருமுறை பார்க்கச் சொல். உன் மாப்பிள்ளைக்கு அந்த வண்டி எல்லா நன்மையும் செய்யட்டும். நீங்கள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு, நிறைவாக வாழ வேண்டும். பெரியவள் என்ற முறையில் அதற்கான ஆசீர்வாதம் என் கையிருப்பில் உள்ளது முழுவதும் உங்களுக்கே.

அன்புடன்,
உன் அக்கா

பி.கு.: ஒட்டிய உறையைக் கிழித்துத்தான் இதை எழுதுகிறேன். ஸ்டியரிங்கின் மேல் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கிறது, மன்னிக்கவும். சாவியைத் தபாலில் அனுப்ப மனம் வராமல், வண்டியையே நேரில் ஒப்படைத்துவிட்டு ரயிலில் திரும்பலாம் என்று இன்று காலை கிளம்பி, நான்கு மணி நேரம் தனியாக ஓட்டி, உன் தெருமுனையில் மூடிக் கிடக்கும் தையல் கடை முன்னால் நிற்கிறேன். ஒரு மணி நேரமாக நிற்கிறேன். நான் தெருமுனையில் வளையும்போது உன் மாப்பிள்ளை தன் பழைய வண்டியை ரிவர்ஸில் உங்கள் கேட்டுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார். நீ பின்னால் நின்று இரண்டு கையையும் வீசிக்கொண்டு, "லெஃப்ட்! லெஃப்ட்! என் லெஃப்ட் இல்ல மாப்ள, உங்க லெஃப்ட்!" என்று கத்திக்கொண்டிருந்தாய். கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொரு நிமிடம். ஒரே பூந்தொட்டியில் இரண்டு தடவை இடித்தார். உன் மகள் ஜன்னலிலிருந்து ஏதோ சொன்னதும், "எனக்குத் தெரியும்!" என்று அவர் கத்தியது தெருமுனை வரை கேட்டது. அவருக்கு வயது முப்பத்து நான்கு. யாரும் அவரிடம் போய், வயசாகுதில்ல என்று சொல்லவில்லை.

ஆகவே உறையில் சாவி இல்லை, உதறிப் பார்க்காதே. இதை உன் பெட்டியில் போட்டுவிட்டு இப்படியே திரும்புகிறேன். காபிக்குக் கூப்பிடாதே, நேரமில்லை. நாளைக் காலை முதல் வேலையாக மேலாளரைப் பார்க்க வேண்டும். என் ராஜினாமாக் கடிதத்தில் ஒரு பிழை விட்டிருக்கிறேன். அப்படியே போக அனுமதிக்க முடியாது. அவர் கண் முன்னாலேயே 'முதுமை' என்பதைச் சிவப்பில் அடித்துவிட்டு, மேலே 'மதிப்பெண் ஆசை' என்று திருத்தப் போகிறேன். அதற்கு மேலும் விலகு என்று அவர் சொன்னால் விலகுகிறேன்.