வலது ஓரத்து ஆள்

நின்றபடியே கனவு காண்பது எனக்குக் கைவந்த கலை. கண் திறந்திருக்கும், முதுகு விறைப்பாக இருக்கும், உள்ளே ஆள் இருக்கமாட்டான். (இதற்கெல்லாம் பதக்கம் கொடுக்காதது நாட்டுக்குத்தான் நஷ்டம்.)

நெய்வேலி டவுன்ஷிப்பில் தீயணைப்பு நிலையத்தில் எனக்கு வேலை. தீயை அணைத்தது போக மீதி நேரத்தில், சுரங்கத்தைப் பார்க்க வரும் பெரிய மனிதர்களுக்கு அணிவகுப்பு மரியாதை கொடுக்கும் குழுவில் நின்றேன். பதினெட்டு வருஷம் நான்தான் அதில் ரைட் மார்க்கர், அதாவது வரிசையின் வலது ஓரத்து ஆள். அவன் நடந்தால் மற்றவர்கள் நடக்க வேண்டும், அவன் திரும்பினால் திரும்ப வேண்டும். யோசிக்கக் கூடாது.

பெரிய மனிதர்கள் ஒருநாளும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை. ஆகவே காதை மட்டும் காவலுக்கு வைத்துவிட்டு மனசை மேய விடுவேன். ஆர்டர் வந்தால் காது நேராகக் காலிடம் சொல்லிவிடும். நடுவில் என்னை எழுப்ப வேண்டிய அவசியமே இருந்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில் என் தொப்பை, பெல்ட்டின் கடைசி ஓட்டையையும் தாண்டியது. ஸ்டேஷன் ஆபீசர் என்னைக் குழுவிலிருந்து எடுத்து டெலிபோன் மேஜைக்கு மாற்றினார். நல்ல மனிதர். "சும்மா அனுப்ப மாட்டோம்யா. உன்னை மேடையில நிறுத்தி, பசங்க மார்ச் பண்ணி வந்து சல்யூட் அடிச்சுத்தான் அனுப்புவோம்" என்றார்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி தனபாக்கியம் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். நான் மதுரைப் பக்கம், அவள் திருவதிகை. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஒரே சந்தேகம்.

"சும்மா நின்னுகினு இருக்கறதுக்கா ஒங்களுக்குச் சம்பளம் தராங்க?"

விழாக்களுக்குக் குடும்பத்தை உள்ளே விடமாட்டார்கள். அவள் ஒருமுறைகூட என்னை வரிசையில் பார்த்ததில்லை. எனக்கு அது உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு தடவை, நாலு பேர் எனக்கு சல்யூட் அடிப்பதை அவள் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகு டெலிபோன் மேஜை என்ன, எந்த மேஜைக்கும் போகத் தயார். இது எங்கள் ஸ்டேஷன் விழா, குடும்பத்தை விடுவார்கள் என்று சொல்லி அவளைக் கூப்பிட்டேன்.

"வரேன். அடிக்கலன்னா வூட்டுக்கு வந்து பேசிக்கறேன்" என்றாள்.

தை மாதத்துக் காலை. மைதானத்தில் பனி இன்னும் விலகவில்லை. எதிரே குழு நிற்க, மேடையில் கழுத்தில் சம்பங்கி மாலையோடு நான். ஓரத்து நாற்காலியில் பட்டுப்புடவையில் தனபாக்கியம். ஆபீசர் பேச ஆரம்பித்தார். "இவரைப் போல விழிப்பான ஆளை நான் பார்த்ததில்லை" என்றது வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

சம்பங்கி வாசனை, பனி, தூரத்தில் சுரங்கத்துக் கன்வேயரின் ஒரே சீரான இரைச்சல். மைன்ஸிலிருந்து இறைத்துவிடும் தண்ணீர் ஓடுமே, அந்த வாய்க்காலில் நான் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டு பக்கமும் நெற்பயிர் தலையாட்டியது. பெல்ட் இல்லை, பூட்ஸ் இல்லை. மேலே ஒரு மேகம் என்னோடு கூடவே வந்தது.

"ஸ்குவாட், ரைட் டர்ன். குயிக் மார்ச்."

குழுவுக்குக் கொடுத்த ஆர்டர் அது. என் காது அதை என் காலுக்கு அனுப்பிவிட்டது.

நான் அவர்களுக்கு எதிரே நின்றதால் அவர்கள் வலது வேறு, என் வலது வேறு. அவர்கள் மைதானத்தைப் பார்த்துத் திரும்பினார்கள். நான் கேட்டைப் பார்த்துத் திரும்பி, மாலையோடு மேடையை விட்டு இறங்கி நடந்தேன். என் இடத்துக்கு வந்திருந்த காசிநாதன் ஓரக்கண்ணால் இதைப் பார்த்திருக்கிறான். உடனே அவனும் திரும்பி என் பின்னால் நடந்தான். அவன் பின்னால் மொத்தக் குழுவும். (எல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. அப்போது நான் வாய்க்காலில் இருந்தேன்.)

ஆபீசர் மைக்கில் "ஏய், எங்கய்யா போறீங்க" என்று கேட்டாராம். அது ஆர்டர் இல்லையே, யார் காலுக்கும் விளங்கவில்லை. கேட்டைத் தாண்டி, தூங்குமூஞ்சி மரங்களின் நிழலில் நடந்தோம். இலை வழியாக விழுந்த வெளிச்சம் எனக்குத் தண்ணீரின் மினுமினுப்பாகத் தெரிந்தது. ஷிப்டுக்குப் போகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி வழிவிட்டார்கள்.

தனபாக்கியம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். "என்னங்க, நில்லுங்க" என்றாள். பலனில்லை. நான் தூக்கத்தில் கத்தும் ஆர்டர்களையெல்லாம் வருஷக்கணக்காகப் பக்கத்தில் படுத்துக் கேட்டவள் அல்லவா. எங்களை முந்திப்போய் நடுரோட்டில் நின்று, "ஹால்ட்" என்றாள்.

அத்தனை பூட்ஸும் ஒரே சத்தத்தில் நின்றன. நான் விழித்தேன். எதிரே மூச்சு வாங்கியபடி மனைவி. பயத்தில் வேறு எதுவும் தோன்றாமல் அவளுக்கு ஒரு சல்யூட் அடித்தேன். எனக்குப் பின்னால் மொத்த வரிசையும் அடித்தது.

தனபாக்கியம் எங்களை வலமிருந்து இடம்வரை மெதுவாகப் பார்த்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"எவ்ளோ அழகா நிக்கறீங்க" என்றாள். "சரி, கைய எறக்குங்க. வெயிலு ஏறுது."

அதுவும் ஆர்டர் இல்லை. ஆபீசர் ஓடிவந்து சொன்ன பிறகுதான் கைகள் இறங்கின.

"அந்தாளுதான் போனான்னா, நீங்க ஏன்யா போனீங்க?"

"பதினெட்டு வருஷமா அவர் பின்னாடிதானே சார் போறோம்" என்றான் காசிநாதன்.

எனக்கு வரவேண்டிய சல்யூட் வரவே இல்லை. இன்னொரு தடவை என்னை மேடையேற்ற ஆபீசருக்குத் தைரியம் இல்லை. எங்கள் குடும்பத்தில் அணிவகுப்பு மரியாதையை ஏற்றவள் தனபாக்கியம் ஒருத்திதான். பேரப்பிள்ளைகள் கூடும்போதெல்லாம் அதைச் சொல்கிறாள். வரிசையில் இருந்தது ஒரு டஜன் பேர். அவள் கதையில் அது வருஷத்துக்கு வருஷம் பெருகி, போன பொங்கலுக்கு நூறு பேர் ஆகிவிட்டது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே என்னைப் பார்ப்பார்கள். நான் திருத்துவதில்லை. அத்தனை பேரும் வந்து நின்றிருந்தாலும் அவளுக்குத் தகும்.