பையில் வந்த அழுகண்ணி

பூமியைச் சுரண்டிப் பிழைக்கும் கம்பெனிகள் உலகத்தில் எத்தனையோ உண்டு. கனடாவில், நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் அகேடியக் கடற்கரையில் இருக்கும் 'பசும்பொன் பீட் பாசி நிறுவனம்' அந்த ரகத்தைச் சேர்ந்ததல்ல. அது சதுப்பு நிலத்துக்கு 'விடுதலை' வாங்கித் தருகிறது. ஆயிரக்கணக்கான வருடங்களாகத் தண்ணீரில் ஊறி, குளிரில் விறைத்து, வெளியுலகமே பார்க்காமல் கிடந்த பாசியை, வாய்க்கால் வெட்டி வடித்து, வெயிலில் உலர்த்தி, ராட்சத வாக்குவம் இயந்திரத்தால் உறிஞ்சி, பையில் அடைத்து, தொட்டிச் செடிகளுக்கு மண்ணாக அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்க அனுப்பிவைக்கிறது. இதைவிடப் பெரிய கருணையை யார் செய்துவிட முடியும்?

அந்தக் கருணையின் வாசலில் உட்கார்ந்து போன் எடுப்பவள் கொரின் துகே.

பாசியோடு வேறு சிலதும் பைக்குள் போய்விடும். அதற்காகத்தான் வாடிக்கையாளர்கள் கூப்பிடுவார்கள்.

"பையைப் பிரிச்சா மான் கொம்பு கிடக்குதும்மா!"

"வாழ்த்துகள் ஐயா. அது இயற்கையின் அன்பளிப்பு. அதுக்குத் தனியா காசு வாங்குறதில்ல."

'இயற்கையின் அன்பளிப்பு' என்ற சொற்றொடர் மேலாளர் ஸொயெல் மாலே கூட்டம் மேல் கூட்டம் போட்டுக் கண்டுபிடித்தது. அதற்குமுன் புழக்கத்தில் இருந்த 'குப்பை' என்ற சொல் அலுவலகத்துக்குள் தடைசெய்யப்பட்டது. தவளைக் காலும் அன்பளிப்பு, மரத்தின் வேர்க்கட்டையும் அன்பளிப்பு. யாரோ தொலைத்த கோல்ஃப் பந்து மட்டும் பெரிய விவாதத்துக்குப் பிறகு 'சிறப்பு அன்பளிப்பு' ஆனது.

வசந்தம் முடியும் சமயத்தில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலிருந்து திருமதி தர்ஸா ஹாப்குட் கூப்பிட்டார்.

"ஏம்மா, உங்க பாசியைத் தொட்டியில போட்டு தக்காளி வெதச்சேன். தக்காளி வரல. செக்கச்செவேல்னு, பிசுபிசுன்னு என்னமோ மொளச்சிருக்கு. சமையல்கட்டு ஈயெல்லாம் புடிச்சுத் தின்னுது. புடுங்கிப் போட்டுடவா?"

"ஐயோ, வேண்டாம்மா!" கொரின் கத்தியேவிட்டாள். விதிமுறைப்படி அவள் கத்தக் கூடாது.

அழுகண்ணி அது. இலை நுனியெல்லாம் கண்ணீர்த்துளிபோலப் பசையை ஏந்திக்கொண்டு பூச்சிக்குக் காத்திருக்கும் செடி. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அலுவலகத்துக்குப் பின்னாலேயே கம்பளம் விரித்தாற்போலக் கிடக்கும். கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

"மழைத்தண்ணி மட்டும் ஊத்துங்கம்மா. குழாய்த்தண்ணி அதுக்கு ஆகாது" என்றாள் மெதுவாக.

கோடையில் கம்பெனிக்கு ஓர் ஆசை வந்தது. இயற்கையைக் கெடுக்காத கம்பெனி என்று சான்று சொல்லும் 'பொறுப்புள்ள பீட்' முத்திரை வேண்டும். முத்திரைக்காரர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள்: அதே சதுப்பில் பிறந்த ஒரு செடியையாவது திரும்ப நட வேண்டும். மந்திரி வந்து நட ஒப்புக்கொண்டார். மாலே, வாக்குவம் ஓட்டும் லிவேனைக் கூப்பிட்டார்.

"ஒரு செடி கொண்டா லிவேன்."

"எங்கேர்ந்து சார்?"

"வேற எங்கேர்ந்து, நம்ம சதுப்புலேர்ந்துதான்!"

"ஒண்ணுகூட இல்லியே சார்" என்றான் லிவேன் பெருமையாக. "வேலைன்னா சுத்தமா இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"வேற எங்கயாவது ஒண்ணு இருக்கா?" என்று மாலே அலுவலகத்தில் இருந்த எல்லாரையும் பார்த்துக் கேட்டார். கொரின் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிடுவது அவள் தொழில். மெய்னில் ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

திருமதி ஹாப்குட்டுக்கு ஒரே சந்தோஷம். "அதோட பொறந்த வீட்டுக்குத்தானே? நானே கொண்டாந்து விடறேன்" என்றார்.

விழா நாளில் பூப்போட்ட தொப்பியும் மடியில் தொட்டியுமாக வந்து இறங்கினார். சுற்றிலும் பார்த்தார். அடிவானம்வரை காப்பித்தூள் கொட்டிப் பரப்பிய மாதிரி தரை. காற்றடித்தால் அதுவும் எழுந்து நடந்தது.

"சதுப்பு எங்கம்மா? இந்த வண்டி நிறுத்துற மைதானத்தைத் தாண்டிப் போகணுமா?"

"நீங்க நிக்கிறதே சதுப்புலதாம்மா" என்றார் மாலே.

கிழவி செருப்பு நுனியால் கிளறினார். தூசி பறந்தது.

"தண்ணி?"

"வடிச்சாச்சு."

"பாசி?"

"வித்தாச்சு. நீங்களே வாங்கியிருக்கீங்களே!"

அவர் முகம் சுருங்கியது. தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"ஒரு ஈகூட இல்லாத ஊர்ல விட்டுட்டுப் போனா இது என்னத்தத் தின்னும்? தரமாட்டேன்."

"நட்டு ஒரு போட்டோ எடுத்துக்கறோம்மா. அப்புறம் திருப்பித் தந்துடறோம்" என்று மாலே கெஞ்சினார். கிழவி அசையவில்லை. மாலே கொரின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு கொரின். உன் வாய்க்கு யாரும் மசிவாங்க."

கொரின் வாயைத் திறந்தாள். வழக்கமான வாக்கியம் வரவில்லை. இவ்வளவு காலம் எத்தனை பேரைச் சமாதானப்படுத்தியிருக்கிறாள்! இன்றைக்குக் கிழவியின் பக்கம் போய் நின்றாள்.

"வண்டியில ஏறுங்கம்மா" என்றாள். "இந்தத் தூசி செடிக்கு ஆகாது." கார்க் கதவைத் திறந்து, தொட்டி சாயாமல் தன் மேலங்கியைச் சுருட்டி முட்டுக்கொடுத்தாள்.

கிழவியின் கார் வெளியே போக, மந்திரியின் கார் உள்ளே வந்தது.

மாலேக்கு வியர்த்துக் கொட்டியது. திறந்துவைக்க வேண்டிய பலகையில் இன்னும் ஒரு எழுத்துகூட இல்லை; செடியைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று விட்டிருந்தார்கள்.

"பேரு, ஊரு, எதையாவது எழுதித் தொலை! பொய் மட்டும் வேண்டாம், முத்திரைக்காரன் நிக்கிறான்" என்று கொரினிடம் பல்லைக் கடித்துவிட்டு, மந்திரிக்குப் போட வேண்டிய மாலையோடு ஓடினார்.

இதுவரை அந்த நிறுவனத்தில் யாரும் அவளிடம் அப்படியொரு உத்தரவு போட்டதில்லை. கொரின் தூரிகையை எடுத்தாள். எழுதி முடித்துத் துணியால் மூடினாள்.

வாத்தியம் முழங்கியது. மந்திரி துணியை விலக்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாட்டுக்கே கேட்கும் குரலில் படித்தார்:

"பெயர்: அழுகண்ணி. சொந்த ஊர்: இந்தச் சதுப்பு. தற்போதைய முகவரி: மெய்ன் மாநிலம், திருமதி தர்ஸா ஹாப்குட் வீட்டுச் சமையலறை."

கைதட்டல் பாதியில் நின்றது. லிவேன் என்ன நினைத்தானோ, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

மந்திரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தரையைப் பார்த்தார்.

"அப்ப இங்க என்னதான் நட்டிருக்கீங்க?"

மாலே மேலே பார்த்தார். முத்திரைக்காரர் கீழே பார்த்தார். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவள் கொரின்தானே?

"இந்தப் பலகையைத்தான் ஐயா" என்றாள்.