பூவராகன் வாங்கிய இரண்டாயிரம் பங்கு

முடிச்சூர் பூவராகன் ஒரு முடிவெடுத்தால் எடுத்ததுதான். அப்பாவின் வயலை மனை போட்டு விற்ற பணத்தில், 'கூரைநிழல்' என்ற வீட்டுக்கடன் கம்பெனியின் பங்குகளைத் தம் பேரில் இரண்டாயிரம், மனைவி புஷ்பலதா பேரில் இரண்டாயிரம் என்று வாங்கிப் போட்டிருந்தார். கம்பெனியில் ஏகப்பட்ட கோளாறு என்று ரிசர்வ் வங்கி இயக்குநர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு நிர்வாகியை உட்கார வைத்தது. நூற்றுப்பத்து ரூபாய்ப் பங்கு பதினெட்டுக்கு வந்து நின்றது.

"இன்னாங்க, வித்துடலாமா?" என்றாள் புஷ்பலதா, கீரை ஆய்ந்துகொண்டே.

"விக்கிறதா? அரசாங்கமே உள்ள வந்து குந்திக்கினு கீது. இனிமே ஒருத்தன் கை வைக்க முடியாது. இப்பதான் வாங்கணும்."

"அவங்க நமக்காகவா வந்தாங்க?"

"பின்ன? பங்குதாரன்னா முதலாளி. நாமதான் முதலாளி."

முதலாளியம்மா கீரையை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனாள். மனைவியின் வாயை அடைத்ததைப் பூவராகன் தம் வாழ்நாள் சாதனையாக வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை கூடத்தின் நடுவில் நின்று, தாம்பரம் பங்குத் தரகர் ஏகநாதனுக்குப் போன் போட்டார். "பதினெட்டு ரூபாய்க்கு இன்னும் ரெண்டாயிரம் எடுங்க."

"சார், அத ஒருத்தரும் தொடல."

"அதனாலதான் நான் தொடுறேன்." குரல் தெருமுனை வரை போனது. பத்தே நிமிடத்தில் வாங்கியாயிற்று.

எட்டு மாதம் உறுதியாக இருந்தார். மச்சான் ஜெயவேலு பார்க்கும்போதெல்லாம் சிரித்தான்; இவர் அசையவில்லை. ஒன்பதாம் மாதம் வேறொரு கம்பெனி கூரைநிழலை எடுத்துக்கொண்டது. டெபாசிட் போட்டவர்களுக்குப் பாதிப் பணம், கடன் கொடுத்த வங்கிகளுக்குக் கொஞ்சம். பங்குதாரர்களுக்கு ஒன்றுமில்லை. பங்குகளே ரத்து.

மறைப்பதில்லை என்று முடிவெடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு புஷ்பலதா எதிரில் உட்கார்ந்தார்.

"புஷ்பா, மனசத் திடப்படுத்திக்க. உன் ரெண்டாயிரமும் போச்சு."

"என்னுது எங்க போச்சு? அப்பவே வித்துட்டேனே."

"யாரக் கேட்டு வித்த?"

"ரிசர்வ் வங்கி அறிவிப்புல நீங்க தலைப்பு படிச்சீங்க. நான் கடைசி வரி வரைக்கும் படிச்சேன். டெபாசிட்காரங்க நலனுக்காகன்னு இருந்துது. பங்குதாரருன்ற பேச்சே இல்ல. ரெண்டு நாளா விக்கப் பார்த்தேன், வாங்க ஆளில்ல."

பூவராகனுக்குக் கொஞ்சம் சிரிப்புகூட வந்தது. "அப்புறம் எந்தப் பைத்தியக்காரன் வாங்கினான்?"

புஷ்பலதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க கூடத்துல நின்னு வெலை சொன்னது சமையல்கட்டு வரைக்கும் கேட்டுதுங்க. அடுப்ப அணைச்சிட்டு, அதே வெலைக்கு என் போன்ல விக்கப் போட்டேன். மொத்தமும் உடனே போயிடுச்சி."

முப்பத்தாறாயிரம். அவள் எழுந்து, தண்ணீர்ச் சொம்பை அவர் கையில் கொடுத்தாள்.

"கவலப்படாதீங்க. உங்க பணம் எங்கயும் போகல. என் பேர்ல பத்திரமா கீது."